கரைச்சல் கொடுக்கும் உரிமை

உறவினரைப் பார்க்கப் போகின்றவர் தமது வீட்டையும் கூடவே கொண்டுபோகலாமா? இப்படியொரு கேள்வி வாழ்க்கையில் எழுமென்று நான் எண்ணியதில்லை. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்து தீவில், கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மரவீட்டின் வாசலில், எழுபத்தெட்டு வயதான என் சின்னம்மா கேட்ட ஒரு வார்த்தை அந்தக் கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றுள்ளது.

"வாசல் மட்டும் வந்திட்டு உள்ளுக்கை படுக்காமல் போறதுக்கு நீங்கள் என்ன தபால்காரரோ மோனை?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எங்களில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகின்றேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாழும் அக்காவைப் பார்க்க நான் கொழும்பிலிருந்து சென்றிருந்தேன். அத்தான் அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்ற கனேடியர் பலருக்கும் உள்ள ஆசை அவருக்கும் இருந்தது. ஓர் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாட்டின் ஒரு பகுதியையாவது சுற்றிவர வேண்டும் என்பதே அது. அம்மாவின் தங்கையான சின்னம்மா நியூபவுண்ட்லாந்தில் மகனோடு வசிக்கின்றார். அவரைப் பார்த்து ஒன்பது ஆண்டுகளாகிவிட்டன. இரண்டையும் ஒன்றாக்கி அத்தான் பயணத்தைத் திட்டமிட்டார். அத்தான், அக்கா, மருமகள், நான் என நால்வர் புறப்பட்டோம்.

ஆர்.வி. என்பதை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் எடுத்தது ஏறக்குறைய 28 அடி நீளமான வாகனம். சாரதியின் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்புறத்தில் ஒரு படுக்கை, நடுவே இரவில் கட்டிலாக மாறும் சாப்பாட்டு மேசை, வாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, கழிவறை யாவும் அதற்குள் அடக்கம். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, குளித்த நீருக்கு இன்னொன்று, கழிவறைக்கு வேறொன்று. சில நாள்களுக்கு ஒருமுறை அதற்கென அமைக்கப்பட்ட இடத்துக்குச் சென்று கழிவை அகற்ற வேண்டும். தடித்த குழாயைக் கையில் பிடித்து நிற்கும் அந்த வேலை எனக்குத் தரப்பட்டது. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் வேலை செய்தவனுக்கு அது அந்நியமான தொழிலல்ல என்று அத்தான் பகிடி விட்டார்.

பயணத்தின் முதல் நாளே அத்தான் ஒரு கொள்கையை அறிவித்தார். "ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கக் கூடாது." சின்னம்மாவுக்கு முழங்கால் வருத்தம். தம்பியும் மனைவியும் வேலைக்குப் போகின்றவர்கள். நால்வர் போய் இறங்கி நான்கு நாள் தங்கினால் அவர்கள் என்ன பாடுபடுவார்கள்? ஆகவே வாகனத்தை வீட்டு வாசலில் நிறுத்துவது, அதிலேயே சமைத்து அதிலேயே உறங்குவது, பகலில் மட்டும் போய்ப் பேசிக்கொண்டிருப்பது. அக்கா ஸ்காபரோவிலேயே கறிகளைச் சமைத்து, உறையவைத்து, பெட்டிகளில் பெயரும் எழுதி அடுக்கியிருந்தார். இதைவிட நாகரிகமான விருந்தாளிகளை எங்கே காண்பது என்று நானும் அப்போது மெச்சினேன்.

ரொறன்ரோவிலிருந்து நோவா ஸ்கோஷியாவின் நோர்த் சிட்னி துறைமுகத்துக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர். அங்கிருந்து ஏழு மணித்தியாலம் கப்பலில். கப்பலில் ஏற்றுமுன் வாகனத்தின் வாயுச் சிலிண்டரை மூடிவிட வேண்டும். கப்பல் ஓடும்போது வாகனத்துக்குள் இருக்கவும் அனுமதியில்லை. கடல் கடக்கும்வரை எங்கள் நடமாடும் வீடு வெறும் சரக்காகக் கீழ்த்தட்டில் கிடந்தது. போர்ட் ஓ பாஸ்க் என்ற இடத்தில் இறங்கித் தீவின் மறுகரைக்குச் செல்ல இன்னும் 900 கிலோமீற்றர் ஓட வேண்டும். வழியெங்கும் காடும் ஏரியும், மூஸ் எனப்படும் பெரிய மான்கள் வீதியைக் கடக்கும் என்ற எச்சரிக்கைப் பலகைகளுமே.

இந்தத் தீவுக்கு அரை மணிநேரக் கணக்கு உண்டு. கனடாவின் ஏனைய பகுதிகள் முழு மணிக்கணக்கில் வேறுபட, இவர்கள் மட்டும் அரை மணி தள்ளி நிற்கின்றார்கள். இலங்கையும் அவ்வாறே என்பதால், கோடைகாலத்தில் இரண்டுக்குமிடையே சரியாக எட்டு மணித்தியால வித்தியாசம். கொழும்பு நேரத்தில் விட்டிருந்த என் கைக்கடிகாரத்தின் நிமிட முள், ரொறன்ரோவில் பொருந்தாமல் இருந்தது, இங்கே வந்ததும் பொருந்திவிட்டது. சின்ன விடயந்தான். ஆனாலும் ஏதோ ஊருக்குக் கிட்டே வந்துவிட்டதைப் போன்றதொரு ஆறுதல்.

வீடு நகர்வது இம்மக்களுக்குப் புதிதல்ல என்பதை வழியில் அறிந்துகொண்டேன். 1954 முதல் 1975 வரை, பாடசாலையும் வைத்தியசாலையும் கொடுக்க முடியாத சிறிய கடலோரக் கிராமங்களைக் கைவிட்டுப் பெரிய ஊர்களில் குடியேறும்படி அரசு இவர்களை ஊக்குவித்தது. சுமார் 300 கிராமங்கள் வெறிச்சோடின. ஏறக்குறைய 30,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் சிலர் தமது மரவீடுகளைக் கழற்றவில்லை. அப்படியே கடலில் இறக்கி, மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்துக்கொண்டு புதிய கரைக்குப் போனார்கள். கடலில் ஒரு வீடு மிதந்து செல்லும் பழைய புகைப்படங்களை இன்றும் காணலாம். போகுமிடத்தில் நிலைத்து வாழ்வதற்காக எடுத்துச் சென்ற வீடுகள் அவை. நாங்கள் கொண்டுபோன வீடோ, போகுமிடத்தில் எவர் வீட்டுக்குள்ளும் நுழையாமல் இருப்பதற்கானது. இந்த வேறுபாடு அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நடுவழியில் கான்டர் என்ற ஊர் வருகின்றது. 2001 செப்ரெம்பர் 11இல் அமெரிக்காவின் வான்பரப்பு மூடப்பட்டபோது 38 பயணிகள் விமானங்கள் இந்தச் சிற்றூரின் விமான நிலையத்தில் இறக்கப்பட்டன. பத்தாயிரம் பேரளவில் வாழும் ஊருக்கு ஒரே நாளில் 6,600 பேரளவில் விருந்தாளிகள். பணிப்புறக்கணிப்பில் இருந்த பாடசாலை பஸ் சாரதிகள் அதைக் கைவிட்டு வேலைக்கு வந்தார்கள். பாடசாலைகளும் தேவாலயங்களும் மண்டபங்களும் திறந்துவிடப்பட்டன. குளிப்பதற்கும் உறங்குவதற்கும் முன்பின் தெரியாதவர்களை மக்கள் தம் வீடுகளுக்கு அழைத்துச் சென்றார்கள். ஐந்து நாள்வரை இது நீடித்தது. இந்தக் கதையை ஆர்.வி.யின் சாப்பாட்டு மேசையில் இருந்து மருமகளுக்குச் சொன்னபோது எனக்குள் ஒரு பெருமிதம். நாம் போகுமிடம் அப்படிப்பட்டது என்ற பெருமிதம்.

அன்றிரவு தங்கிய முகாமில் எங்களுக்கு அடுத்ததாக ஒரு முதிய தம்பதியின் ஆர்.வி. நின்றது. 1992 ஜூலை 2ஆம் திகதி கனேடிய அரசு கொட் மீன்பிடியைத் தடை செய்தபோது தொழில் இழந்த சுமார் 30,000 பேரில் அந்த மனிதரும் ஒருவர். அல்பேர்ட்டாவுக்குப் போய் எண்ணெய் வயலில் வேலை செய்தவர். ஒவ்வொரு கோடையும் ஆர்.வி.யில் ஊருக்கு வந்து அண்ணனின் வளவில் நிறுத்துவாராம். "சாப்பாடு எங்கே?" என்று அத்தான் கேட்டார். அந்த மனிதருக்குக் கேள்வி விளங்கவில்லை. "அண்ணன் வீட்டில்தான், வேறெங்கே?" என்றார். உறங்குவதற்கு மட்டுமே வாகனம். அதுவும் அண்ணன் வீட்டில் அறை போதாது என்பதால். பொழுது விடிந்தால் அண்ணியின் குசினிக்குள் போய்விடுவார்களாம்.

மறுநாள் மாலை சின்னம்மாவின் ஊரை அடைந்தோம். கொன்செப்ஷன் பே எனப்படும் விரிகுடாவின் கரையில் அந்த வீடு இருக்கின்றது. தம்பி வாகனம் நிறுத்துமிடத்தைக் காலி செய்து வைத்திருந்தான். அத்தான் வாகனத்தை நிறுத்தி, வீட்டின் வெளிச்சுவரிலிருந்த மின்செருகியில் வயரைக் கொழுவினார். இந்த ஒரு வயர் மாத்திரமே எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்குமான தொடர்பு என்பதாக அமைந்தது அன்றைய இரவு.

சின்னம்மா புட்டு அவித்து, கணவாய்க் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தார். பருத்தித்துறைக்காரியான அவர் தட்டைவடையும் சுட்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு வடையைக் கடித்தோம். அக்கா மிகுந்த பணிவோடு, "சின்னம்மா, நீங்கள் கரைச்சல்படாதேங்கோ. எங்களிட்டை எல்லாம் இருக்கு" என்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. புட்டுப்பானையை மூடிவைத்தார். ஒன்பது மணியளவில் நாங்கள் விடைபெற்று, பத்து அடி தூரத்திலிருந்த எங்கள் வீட்டுக்குப் போனபோதுதான் வாசலுக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. சாரதி ஆசனத்துக்கு மேலிருந்த படுக்கையில் கிடந்தபடி, சின்னம்மாவின் அறையில் நெடுநேரம் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவு 1995ஆம் ஆண்டுக்குப் போயிற்று.

அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறியது. நான்கைந்து இலட்சம் என மதிப்பிடப்பட்ட மக்கள் மழைக்குள் நடந்தார்கள். கோண்டாவிலிலிருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் அப்பாவும் அக்காவும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, கொடிகாமம் வழியாகப் பருத்தித்துறையிலிருந்த சின்னம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போய்ச் சேர மூன்று நாள். சொல்லி அனுப்ப வழியில்லை, தொலைபேசி இல்லை, போகும்போதே அப்பாவின் சகோதரி குடும்பமும் பக்கத்து வீட்டாரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மூன்று அறைகளும் ஒரு கிணறும் ஒரு கழிவறையும் கொண்ட அந்த வீட்டில் 27 பேர் ஏறத்தாழ ஆறு மாதம் வாழ்ந்தார்கள். நான் அப்போது கொழும்பில் பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தேன். இடம்பெயர்வுச் செய்திகளை நானே எழுதினேன். என் வீட்டாரைப் பற்றிய செய்தி மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து அம்மாவின் கடிதம் கிடைத்தது. 'எல்லோரும் சின்னம்மா வீட்டில் இருக்கிறோம்; பயப்படாதே' என்பது அதன் முதல் வரி. இரண்டாவது வரியை வாசிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

எந்த முன்னறிவித்தலுமின்றி ஆறு மாதம் அந்த வீட்டில் உண்டு உறங்கிய என் அக்காதான் 'நீங்கள் கரைச்சல்படாதேங்கோ' என்று சொன்னவர். அத்தான் மீது குறையில்லை. அடுத்த ஆண்டு அக்கா கனடா வந்து அவரை மணந்தார். அந்த வீட்டை அவர் கண்டதில்லை. அக்காவும் நன்றி மறந்து சொல்லவில்லை. வாழ்நாளுக்கும் போதுமான கரைச்சலைக் கொடுத்துவிட்டோம், இனியும் கொடுக்கக் கூடாது என்ற கூச்சத்தினால் சொன்னார். ஆனால் கேட்டவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பழைய கடனைத் தீர்த்துவிட்டோம், இனி உங்களிடம் எதுவும் வேண்டாம் என்பது போல அல்லவா கேட்டிருக்கும்?

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகின்றேன். புலம்பெயர்ந்த தமிழரிடையே மட்டுமன்றி, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலுங்கூட, கடந்த இரண்டு மூன்று தசாப்தங்களில் ஒரு புதிய நாகரிகம் வேரூன்றியுள்ளது. பிறருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்பது அதன் முதல் விதி. லண்டனிலிருந்து வருகின்ற தம்பி வெள்ளவத்தையில் அண்ணன் வீடிருக்க விடுதியில் தங்குகின்றான். சாவீட்டுக்குப் போகின்றவர்கள் தேநீரை மறுத்துவிடுகின்றார்கள். மருத்துவமனையில் கிடந்தவர் வீடு திரும்பிய பின்னரே உறவினருக்கு அறிவிக்கின்றார். எல்லாம் நல்லெண்ணத்தோடுதான். இந்த நல்லெண்ணத்தின் கூட்டுத்தொகை என்னவென்றால், ஒருவர் வீட்டில் ஒருவருக்கு அலுவலே இல்லாமற் போவது.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். விருந்தாளியாகப் போகின்றவனுக்கென ஓர் அதிகாரத்தை அவர் தனியே வகுக்கவில்லை. விருந்தாளியாக இருப்பதற்குப் பயிற்சி தேவையில்லை என அக்காலத்தில் கருதியிருக்கலாம். இன்று தேவைப்படுகின்றது. கொடுப்பதற்கு நாம் பழகிவிட்டோம். ஊருக்குப் பணம் அனுப்புகின்றோம். கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுக்கின்றோம். ஆனால் ஒரு முதியவரின் கையால் ஒரு நேரச் சோற்றை வாங்கி உண்பதற்கும், அவர் விரித்த பாயில் படுப்பதற்கும் எமக்குக் கூச்சமாக இருக்கின்றது. கொடுக்கின்றவர் எப்போதும் நாமாகவே இருக்க வேண்டுமென்பதிலே ஒரு சிறு அகங்காரமும் ஒளிந்திருக்கின்றது என்று எண்ணுகின்றேன்.

மறுநாள் காலை இதையெல்லாம் நான் வாகனத்துக்குள் இருந்து பேசியபோது, தாதியாக வேலை செய்யும் என் மருமகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, அந்த 27 பேருக்கும் ஆறு மாதம் சமைச்சது ஆர்?"

நியாயமான கேள்வி. நாம் பெருமையோடு பேசும் விருந்தோம்பலின் பாரம் பெண்களின் முதுகில் இருந்தது. திண்ணையில் இருந்து வருகின்றவர்களை 'வாங்கோ, சாப்பிடுங்கோ' என்று அழைத்தவர்கள் ஆண்கள். கிணற்றில் நீரள்ளி, விறகடுப்பை ஊதி, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டவர்கள் பெண்கள். கரைச்சல் கொடுக்கக் கூடாது என்ற புதிய நாகரிகம் அந்தப் பாரத்தை ஓரளவு இறக்கிவைத்தது என்பதை மறுக்க முடியாது. பழையதே சிறந்தது என்று எழுதிவிட்டுப் போவது ஓர் ஆண் எழுத்தாளனுக்கு இலகு. மருமகள் அதற்கு இடந்தரவில்லை.

பதில் என்னிடம் இருக்கவில்லை. ஆகவே நிருபர்கள் செய்வதைச் செய்தேன். சம்பந்தப்பட்டவரிடமே போய்க் கேட்டேன். சின்னம்மா குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சமைச்சது கஷ்டந்தான் மோனை. இல்லையெண்டு சொல்லமாட்டன். கை வெந்து போச்சுது. ஆனா நீங்கள் எல்லாரும் போன பிறகு, அந்தப் பெரிய பானையைக் கழுவித் துடைச்சு மேலை தூக்கி வைச்சன் பார், அண்டைக்குத்தான் அழுதனான்."

இந்தப் பதிலையும் நான் எனக்கு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அறிவேன். அவர் அழுதார் என்பதற்காக அவரையே மறுபடியும் அடுப்படியில் நிறுத்துவது நீதியல்ல. பாரத்தைக் காரணங்காட்டிச் செல்கையையே நிறுத்திவிடுவதும் தீர்வல்ல. தூக்குகின்றவர்களை மாற்றினால் என்ன? அன்று மதியம் அத்தானும் தம்பியும் நானும் சின்னம்மாவின் குசினிக்குள் நுழைந்தோம். அவர் கதிரையில் அமர்ந்து கட்டளையிட்டார். உப்புக் கூடிய சொதியையும் அடிப்பிடித்த சோற்றையும் எல்லோரும் உண்டார்கள். பாத்திரங்களை நாங்களே கழுவினோம். ஆர்.வி.யின் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பெயர் எழுதிய கறிகள் சின்னம்மாவின் குளிர்சாதனப் பெட்டிக்கு இடம்மாறின. அன்றிரவு விறாந்தை போன்ற அந்த முன்னறையில் மெத்தைகளைப் போட்டு நால்வரும் வரிசையாகப் படுத்தோம். சின்னம்மா இரவில் இரண்டு தடவை எழுந்து வந்து எங்களுக்குப் போர்வை சரியாக இருக்கின்றதா என்று பார்த்துவிட்டுப் போனதாக அக்கா பிறகு சொன்னார்.

இடையில் ஒரு சம்பவம். மாலையில் எவரோ கதவைத் தட்டாமல் பின்பக்கமாக வீட்டுக்குள் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர். நியூபவுண்ட்லாந்தின் பழைய கிராமங்களில் அயலவர் கதவைத் தட்டுவதில்லையாம். தட்டினால் வந்திருப்பவர் அந்நியர் என்று பொருளாம். கோடையில் வீட்டுத் தேவைக்கு ஆளுக்கு ஐந்து கொட் மீன் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கின்றது. அவர் பிடித்ததில் இரண்டைக் கழுவித் தொட்டியில் போட்டார். சின்னம்மா ஒரு கடதாசிப் பையில் தட்டைவடை கட்டிக் கொடுத்தார். இருவருக்குமிடையே பொதுவான ஆங்கில வார்த்தைகள் ஒரு முப்பது இருக்கலாம். ஒருவருக்கொருவர் கரைச்சல் கொடுப்பதற்கு அவை போதுமாக இருந்தன.

மூன்றாம் நாள் சின்னம்மா ஒரு விருப்பத்தைச் சொன்னார். தீவின் தென்கரையிலுள்ள சென் மேரிஸ் விரிகுடாவைப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளாக இத்தீவில் இருந்தும் அவர் அங்கே போனதில்லை. எதற்காக அந்த இடம் என்பதைக் கனடாத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏனையோருக்காகச் சொல்கின்றேன்.

1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, அக்கரைக்கு அப்பாலுள்ள பனிமூட்டமான கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் 155 இலங்கைத் தமிழர். முதலில் அவர்களைக் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீனவர். அவருடைய படகின் பெயர் அற்லாண்டிக் றீப்பர். அவர் வானொலியில் மற்றப் படகுகளை அழைத்தார். மீனவர்கள் வந்து அவர்களை ஏற்றினார்கள். தம்மிடமிருந்த உணவைக் கொடுத்தார்கள். அகதிகள் சென் ஜோன்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, பல்கலைக்கழக விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். அது உண்மையல்ல, மேற்கு ஜேர்மனியிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றி வரப்பட்டு நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டார்கள் என்பது சில நாள்களிலேயே வெளிவந்தது. கனடாவில் பலர் சினங்கொண்டார்கள். ஆனாலும் பிரதமர் பிரயன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டு அனுமதி வழங்கியது. பெரும்பாலானோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அப்போது நான் உயர்தர வகுப்பு மாணவன். யாழ்ப்பாணத்தில் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு, பாடசாலை உலகப் படத்தில் நியூபவுண்ட்லாந்தைத் தேடிக் கண்டுபிடித்தது நினைவிருக்கின்றது.

முன்னறிவித்தலின்றி வந்து, உண்மையையும் முழுதாகச் சொல்லாத விருந்தாளிகளாக நாம் அந்தக் கரைக்கு வந்தோம். 24 ஆண்டுகள் கழித்து, 2010 ஆகஸ்டில் கனடாவின் மறுகரையில் சன் சீ கப்பல் 492 தமிழரோடு வந்தபோது வரவேற்பு அவ்வாறு இருக்கவில்லை. பலர் மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார்கள். அந்நாள்களில், நன்றாக வேரூன்றிவிட்ட தமிழர் சிலரே 'இவர்கள் எங்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகின்றார்கள்' என்று என்னிடம் கூறியதுண்டு. ஒருவருக்கும் கரைச்சல் கொடாமல் வாழ்வதைப் பெருமையாக எண்ணத் தொடங்கும்போது, கரைச்சலோடு வருகின்றவன் எமக்கு அந்நியனாகிவிடுகின்றான். வீட்டில் தொடங்கும் பழக்கம் வீட்டோடு நிற்பதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகின்றேன்.

அன்று சின்னம்மாவை ஆர்.வி.யில் ஏற்றிக்கொண்டு போனோம். மேசையோரம் பட்டியைக் கட்டி அமர்ந்து, ஒவ்வொரு அலுமாரியையும் திறந்து பார்க்கச் சொல்லி ரசித்தார். கழிவறை எங்கே போகின்றது என்று கேட்டார், நான் விளக்கினேன். "எல்லாம் நல்ல வசதிதான்" என்றார். கரையோரம் வாகனத்தை நிறுத்தியபோது அக்கா அதன் அடுப்பில் தேநீர் வைத்து அவருக்குக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்தவரை அக்கா தடுத்தார். "இல்லைச் சின்னம்மா, இண்டைக்கு நீங்கள்தான் விருந்தாளி." அவர் மறுக்கவில்லை. கோப்பையைக் கொடுத்துவிட்டு அமர்ந்துகொண்டார். விருந்தாளியாக இருப்பது எப்படி என்பதை அவரிடமிருந்து அக்கா கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

கடல் அமைதியாக இருந்தது. பனிமூட்டம் இல்லை. நாங்கள் அதிகம் பேசவில்லை.

ஆர்.வி.யைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. நீண்ட தூரங்கள் கொண்ட நாட்டில், வயோதிபருக்கும் நோயாளருக்கும், விடுதிக்குப் பணமில்லாதவருக்கும் அது பெரிய வசதி. அல்பேர்ட்டா முதியவரைப் போல அதை அண்ணன் வளவில் நிறுத்தி, அண்ணி மேசையில் உண்ணுகின்றவருக்கு அதனால் ஒரு தீங்குமில்லை. எந்த வசதியும், பிறரின் உதவி தேவைப்படாமல் வாழ்வதற்கான சாதனமாக மாறும்போதே நாம் விழிப்பாக இருக்க வேண்டும். இதை வாசிக்கின்றவர்களில் எவராவது அடுத்த விடுமுறையில் ஒரு பெரியம்மாவையோ மாமாவையோ பார்க்கப் போவதாக இருந்தால், ஓரிரவாவது அவர் வீட்டில் படுங்கள். போர்வை கேளுங்கள். சமையலில் கைகொடுங்கள், ஆனால் சமைத்ததை வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

நாங்கள் புறப்பட்ட காலை, அத்தான் சுவரிலிருந்த வயரைக் கழற்றிச் சுருட்டினார். மூன்று நாள்களாக அது வெறுமனே தொங்கிக் கிடந்தது. சின்னம்மா வாசலில் நின்று, அடுத்த முறை எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. "வரேக்கை சொல்லிப்போட்டு வராதேங்கோ" என்றார்.